மேல் ஜன்னலைத் திறக்க வேண்டியவள்

ஏப்ரல் 8, காலை

சுண்டுவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும், நேற்றோடு சேர்த்து ஆடு எட்டும், கோழி முப்பத்தொன்றும் சுகம். நீ சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம் இல்லை, மேலே இருப்பவரிடம்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. போனில் கூப்பிட்டால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாம் இருவரும் குரலை உயர்த்திவிடுவோம். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடுவதை ஊர் கேட்க வேண்டாமென்று எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும். பால் வண்டிக்காரர் தினமும் நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடு.

நேற்று உழவு வண்டி வந்தது. உனக்குத் தெரியும், வசந்தத்தில் வண்டிக்காரர் நம் பக்கம் வருவது ஒரே ஒரு நாள். விட்டால் மூன்று வாரம் கிடைக்கமாட்டார். அதனால் எல்லா வேலையும் வழக்கம்போல அந்த ஒரு நாள் தலையில். ஐந்தரைக்குப் பால் கறந்தேன், நாலே முக்கால் லிட்டர். ஆறு மணிக்குள் உன் அண்ணன் விதைக்கிழங்குக் கூடை பதினான்கையும் வயல் ஓரத்தில் இறக்கிவிட்டார். ஏழு பத்துக்கு வண்டி. மாமா வேலியில் ஒன்பது கம்பம் மாற்றினார். எழுபத்திரண்டு வயதில் உன் அப்பாவுக்கு ஒன்பது கம்பம் அதிகம் என்று சொன்னால் பத்தாவதை எடுக்கப் போகிறார், அதனால் சொல்லவில்லை. என் மகள் பெரியவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் அடிக்கு ஒரு கிழங்காகப் போட்டுக்கொண்டே போனாள்.

உழவு வண்டிக்காரர் சமையலறைச் சுவரில் நான் ஒட்டியிருந்த அன்றைய வேலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எனக்கும் ஒரு வரி போட்டிருக்கீங்களே! டீ குடிக்க எட்டு நிமிஷமா? வாய் வெந்துபோகுமேம்மா!" என்றார். பத்தாக மாற்றிக் கொடுத்தேன்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெள்ளச்சி ஆட்டுக்கு வலி கண்டது. இரண்டும் பெட்டை. இரண்டாவது குட்டிக்குப் பின்னங்கால் முன்னால் வந்தது. உன் அண்ணன் கையை விட்டுத் திருப்பினார். தாயும் குட்டிகளும் நலம், கடவுளுக்கு நன்றி. மாலை ஐந்துக்குள் பதினான்கு கூடையும் மண்ணுக்குள் போய்விட்டது.

ஒரே ஒரு நஷ்டம். கண்ணாடிக் கொட்டகையில் இருந்த நாற்று கருகிவிட்டது. பன்னிரண்டு தட்டு, இருநூற்று நாற்பது செடி. தக்காளி, மிளகாய், கத்தரி. வெயில் திடீரென்று ஏறிவிட்டது.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நாலு பேரால் ஐந்து பேர் வேலை ஆகவில்லை என்று நேற்றோடு தெரிந்துபோயிற்று. உழவு வண்டிக்காரரின் அக்கா ஒருத்தி, கோழிப்பண்ணையில் இருந்தவள், வேலைக்கு வரத் தயார். தங்க இடம் வேண்டும் என்கிறாள். இருப்பது உன் அறைதான். மாதக் கடைசிக்குள் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ திரும்பி வருகிறாயா, இல்லையா? ஏதாவது ஒன்று எழுது.

அண்ணி


ஏப்ரல் 9

கணக்குப்பிள்ளை அண்ணிக்கு,

பால் வண்டிக்காரர் சலவைக்கூட வாசலில் நின்று "சுண்டு! உங்க வீட்டுலேர்ந்து ஓலை!" என்று கத்தினார். முப்பத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாமல் இருந்தது. இனி தெரியும். உங்கள் உபயம்.

வெயில் திடீரென்று ஏறிவிட்டதா? ஏன், வெயிலுக்கு நீங்கள் பட்டியல் கொடுக்கவில்லையா?

அண்ணி, வெள்ளச்சியின் குட்டி எந்தக் காலை முன்னால் நீட்டியது என்று வரை எழுதினீர்கள். இருநூற்று நாற்பது செடி செத்ததற்கு ஒரே வரி. உங்கள் வழக்கம் அது இல்லையே. உழவு நாளன்று பத்து மணிக்குக் கொட்டகையின் மேல் ஜன்னலைத் திறப்பது பதினொரு வருஷமாக என் வேலை. இந்த வருஷம் அதை யாருக்குப் போட்டீர்கள்? பெரியவள் மறந்தாளா? குழந்தையைத் திட்டியிருந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

முதலில் நாற்று. அப்பா குப்பைக் குழியில் கொட்டச் சொல்வார், கொட்டாதீர்கள். தட்டுகளைக் கொட்டகையிலிருந்து எடுத்து, மர நிழலில் வையுங்கள். சாயங்காலம் மட்டும் தண்ணீர், அதுவும் வாளியில் பகலெல்லாம் நின்ற தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மிச்சமும் போய்விடும். தொங்கிக் கிடக்கிறதே என்று எதையும் பிடுங்க வேண்டாம். நாலு நாள் கழித்துத் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. முதலில் வந்த இரட்டை இலைக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், பக்கத்தில் துளிர்க்கும். கத்தரிச் செடி பிழைக்காது, அதன் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். விதை டப்பாவில் தக்காளி இன்னும் இருக்கிறது. இரண்டு தட்டு இன்றே போடுங்கள், தாமதம்தான், பரவாயில்லை.

இப்போது என் விஷயம். நவம்பரில் கறுப்பி தானிய அறைக்குள் புகுந்து, தின்று, வயிறு உப்பிச் செத்தாள். உங்கள் பண்ணைக் கணக்கு நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? 'சுண்டு கதவைச் சாத்தவில்லை.' நான்கு மாதக் குட்டியிலிருந்து நான் வளர்த்த ஆடு. அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். "நோட்டுல எழுதினத நான் அடிக்கறதில்ல" என்றீர்கள். அண்ணன் கையைக் கழுவப் போனார். அப்பா செய்தி கேட்கப் போனார். நான் மத்தியான பஸ்ஸுக்குப் போனேன்.

இந்த நாற்றுக்கு அதே கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'வெயில்' என்றா? அதைச் சொல்லுங்கள். அறையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

சுண்டு


ஏப்ரல் 11

சுண்டுவுக்கு,

நீ சொன்னபடி தட்டுகளை நிழலில் வைத்திருக்கிறேன். பெரியவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அது இரண்டாவது பாவமாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. பத்தொன்பது வருஷ நோட்டில் காலிக் கட்டம் இது ஒன்றுதான். உன் கடிதம் வந்தபிறகு மூன்று தடவை பேனாவை எடுத்து வைத்தேன். சரி, முதலில் உனக்கு எழுதிவிடுகிறேன்.

உழவு நாள் பட்டியலை நான் யோசித்து எழுதுவதில்லை. போன வருஷத்து நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்து எழுதுவேன். இந்த வருஷமும் அப்படியே எழுதினேன். 'பத்து மணி, கொட்டகை மேல் ஜன்னல், சுண்டு.' கை எழுதிய பிறகுதான் கண் பார்த்தது. அடித்துவிட்டு வேறு பெயர் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். செய்யவில்லை. ஏன் என்று கேட்காதே. உன் பெயரை இரண்டாவது தடவை நானே வெட்டுவதுபோல இருந்தது.

உழவுக்கு முந்தின நாள் சாயங்காலம், வேண்டுதலுக்குப் பிறகு அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொருவரும் அவரவர் வேலைக்குச் "சரி" சொன்னார்கள். உன் பெயரைப் படித்தேன். சத்தமே இல்லை. உன் அண்ணன் விரலில் இருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இருமினார். பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. அன்று அதைப் பேசினால் எல்லாவற்றையும் பேச வேண்டும். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பக்கம் போகிறவர் யாராவது ஜன்னலைத் தள்ளிவிட்டிருப்பார். பட்டியல் நாளில் மட்டும் ஒருவர் வேலையை மற்றவர் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தானே. ஒரு தடவை நீயும் உன் அண்ணனும் ஒரே பாத்திக்கு ஆளுக்கொரு தடவை உரம் போட்டு, முட்டைக்கோஸ் அத்தனையும் வெந்துபோனதே, அதற்குப் பிறகு வந்த சட்டம். நாலு பேரும் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினோம். ஜன்னல் மூடியே கிடந்தது.

இரண்டே முக்காலுக்குப் பூவாளி எடுக்கப் போன பெரியவள் கத்தினாள்: "அம்மா, உள்ள அடுப்பு மாதிரி இருக்கு!"

உன் அண்ணன் ஓடிவந்து பார்த்துவிட்டு, "அந்த வேலைய நீதான படிச்ச?" என்றார்.

"படிச்சேன். நீங்களும்தான் கேட்டீங்க."

"நீ ஏதோ வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்னு நினைச்சேன்."

"என்ன ஏற்பாடு? பஸ்ஸுல வந்து திறந்துட்டுப் போவாளா?"

மாமா கம்பத்தைத் தோளில் வைத்தபடியே நின்றார். "சும்மா இருங்க ரெண்டு பேரும். எல்லாரும்தான் கேட்டோம்" என்றார். அப்புறம், "சுண்டு இருந்திருந்தா திறந்திருப்பா" என்றார். ஐந்து மாதத்தில் அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டது அப்போதுதான். கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு வெள்ளச்சியைப் பார்க்கப் போய்விட்டார். அரை மணி நேரம் வரவில்லை.

இதை முதல் கடிதத்தில் எழுதாமல் வெயில் மேல் போட்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது நோட்டை எடுத்து எழுதிவிட்டு வந்தேன். 'நாலு பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.' கட்டத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் போயிற்று.

நவம்பர்ப் பக்கத்தையும் எடுத்தேன். அந்த வரியை அடிக்கவில்லை. அடித்தால் நான் எழுதியதே இல்லை என்று ஆகிவிடும், அது இன்னொரு பொய். அதன் கீழே எழுதினேன்: 'இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவள்போல எழுதிவிட்டேன்.' இன்றைய தேதி போட்டிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் படித்துப் படித்து எழுத்தைப் பழக்கிக்கொண்டேன். எழுதிவிட்டால் அது சரி என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பை எடுத்துப் போடச் சொல்லித்தான் இப்போது வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இஸ்திரி மேசை ஓரத்தில் வைத்துப் படித்தேன். ஒரு தலையணை உறை கருகிவிட்டது. மேஸ்திரியம்மாள் "என்னம்மா, லவ் லெட்டரா?" என்றாள். "அத விட மோசம், அண்ணி லெட்டர்" என்றேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் இல்லாதவளுக்கு வேலை போட்டு, அதைச் சத்தமாகப் படித்து, அவள் வரவில்லை என்று செடியைச் சாகவிட்ட குடும்பம் இந்த உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். அப்புறம் அப்பா அரை மணி நேரம் வரவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன். அன்று தானிய அறைக் கதவைச் சாத்தினேனா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. சாத்தியதாகத்தான் ஞாபகம். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை சாத்தும் கதவு. எந்தத் தடவை ஞாபகம் இது என்று கை சொல்லமாட்டேன் என்கிறது. கறுப்பியை நினைத்துக்கொண்டு இந்த ஐந்து மாதமாக அந்தக் கதவை மனசுக்குள் சாத்திச் சாத்திப் பார்க்கிறேன். நானாகவும் இருக்கலாம், அண்ணி.

எனக்கு வலித்தது அது இல்லை. "சுண்டு, நீ சாத்தினாயா?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், "தெரியலையே" என்று சொல்லி அழுதிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. நேராக எழுதிவிட்டீர்கள். அண்ணனும் அப்பாவும் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நாற்று என்ன ஆயிற்று? எண்ணிக்கையோடு எழுதுங்கள். இதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

சுண்டு


ஏப்ரல் 19

சுண்டுவுக்கு,

தக்காளி நூற்றிருபதில் அறுபத்தாறு துளிர்த்தது. மிளகாய் எண்பதில் பதினேழு. கத்தரி நாற்பதும் போயிற்று, நீ சொன்னபடியே. மொத்தம் எண்பத்து மூன்று. புதிதாகப் போட்ட விதை இரண்டு தட்டும் முளைத்துவிட்டது. வெட்டிவிட்ட தண்டில் பக்கவாட்டில் கடுகளவு பச்சையைப் பெரியவள்தான் முதலில் கண்டாள். வேண்டுதல் நடுவில் ஓடிவந்தாள். நான் கண்ணைத் திறந்துவிட்டேன், அதையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. மறுநாள் காலையில் தானிய அறைக் கதவுக்கு, தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஒரு சுருள் கம்பி போட்டார். "இத அன்னைக்கே போட்டிருக்கணும்" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார், உனக்குத் தெரியாதா.

கேட்காமல் எழுதியது பார்க்காமல் எழுதியதைவிடப் பெரிய தப்பு. அது எனக்கு உன் கடிதத்தைப் படிக்கும்வரை தெரியவில்லை. ஆகவே இப்போது கேட்கிறேன், ஒழுங்காகக் கேட்கிறேன். போன தடவை 'வருகிறாயா, இல்லையா' என்று ஆள் எடுக்கிறவள்போல எழுதினேன். சுண்டு, வீட்டுக்கு வந்துவிடு. வேலைக்காக இல்லை. உழவு வண்டிக்காரரின் அக்காவை எப்படியும் எடுக்கத்தான் போகிறோம். அவளுக்குத் தையல் அறையைக் காலி செய்து தருகிறேன், என் மிஷினை நடையில் போட்டுக்கொள்வேன். உன் அறை உன் அறையாகவே இருக்கும். நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம். பதினொரு வருஷம் போட்டது போதும்.

மாமா தினமும் பால் வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். வேலியைப் பார்க்கிறேன் என்கிறார். வேலி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

முப்பதாம் தேதிக்குள் எழுது. அவசரப்படுத்தவில்லை. சரி, அவசரப்படுத்துகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 23

அண்ணிக்கு,

நாலு நாள் எடுத்துக்கொண்டேன். இடையில் ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் வருகிறேன் என்று எழுதியிருந்தேன்.

நான் வரவில்லை, அண்ணி. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால்தான் வந்திருப்பேன். வந்து எல்லோர் முகத்துக்கு முன்னாலும் நடமாடியிருப்பேன்.

இங்கே எனக்கு மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் பட்டறைச் சுவர். ஒன்றும் வளராது, ஒன்றும் சாகாது. காலை ஆறிலிருந்து இரண்டுவரை விரிப்புகளை இஸ்திரி போடுகிறேன். இரண்டு மணிக்கு மேல் நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. முதல் மாதம் அது பயமாக இருந்தது. இரண்டாவது மாதம் அழுகையாக இருந்தது. இப்போது பிடித்திருக்கிறது. பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் அக்கா, சீட்டு விளையாட்டில் ஏமாற்றுவாள். அதுவும் பிடித்திருக்கிறது. நம் வீட்டில் என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் பிறந்ததிலிருந்து சின்னவள். இங்கே எனக்கு ஒரு வயது இருக்கிறது.

தையல் அறை வேண்டாம். நடையில் மிஷினைப் போட்டால் அப்பா இடித்துக்கொண்டு விழுவார். என் அறையையே அந்த அம்மாளுக்குக் கொடுங்கள். ஜன்னல் கொக்கியை மேலே தூக்கிவிட்டுத் தள்ள வேண்டும் என்று சொல்லுங்கள், நேராகத் தள்ளினால் கையோடு வந்துவிடும். அலமாரியின் இரண்டாம் தட்டு ஆடும், கனமானது வைக்க வேண்டாம். மழை மேற்கிலிருந்து அடித்தால் கட்டிலை ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆடு பிடிக்குமா? வெள்ளச்சிக்கு வலது பக்கம் நின்று கறந்தால் ஆகாது.

நீல ஸ்வெட்டரை மட்டும் பால் வண்டியில் அனுப்புங்கள். மற்றதைப் பெரியவள் எடுத்துக்கொள்ளட்டும்.

அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். இதோடு தனியாக ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். மடித்தபடியே கொடுங்கள்.

சுண்டு


ஏப்ரல் 29

சுண்டுவுக்கு,

மடித்தபடியே கொடுத்தேன். என்ன எழுதியிருந்தாய் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில், "அவ சின்னதுலேர்ந்தே அப்படித்தான், ஒரு இடத்துல நிக்கமாட்டா" என்று ஆரம்பித்தவர், நீ நாலு வயதில் கோழிக் கூட்டில் தூங்கிப்போனது வரை சொன்னார். உன் அண்ணன், "கூட்டுல தூங்கினது நான்" என்றார். "நீ ஆட்டுக் கொட்டில்ல" என்றார் மாமா. பெரியவள் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புரையேறியது. ஐந்து மாதமாகச் சொல்லாத பெயரை ஒரே சாப்பாட்டில் ஒன்பது தடவை சொன்னார்கள். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உன் அறையை நானே காலி செய்தேன். யாரையும் விடவில்லை. ஒரு மணி நேர வேலை, காலை முழுவதும் ஆயிற்று. உன் கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம் வந்தது என்று எழுதினால்தான் இந்தக் கடிதம் உண்மையாக இருக்கும். வந்துவிடுவாய் என்று நான் நிச்சயமாக இருந்தேன். கடவுளிடம் கேட்டதையெல்லாம் அவர் தரவேண்டுமென்று இல்லை என்று பெரியவளுக்குப் பத்து தடவை சொல்லிக் கொடுத்தவள் நான். அன்று காலை எனக்கே ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் கொக்கியைத் தூக்கித் தள்ளி ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மாள் நாளை வருகிறாள். நீ எழுதிய எல்லாவற்றையும் அவளுக்கு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 'சொன்னவர்: இந்த அறைக்காரி' என்று போட்டேன்.

ஸ்வெட்டர் இதோடு வருகிறது. முழங்கையில் இருந்த ஓட்டையை அடைத்திருக்கிறேன். நீலம் சரியாகப் பொருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை என்று பால் வண்டிக்காரர் சொன்னார். ஒன்பது மணி பஸ்ஸில் வந்தால் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம். விருந்தாளியாக வா. உனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

அண்ணி


மே 1

அண்ணிக்கு,

ஞாயிறு வருகிறேன். ஒன்பது மணி பஸ்தான்.

எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்த்தி வைத்து எல்லோரும் என் முகத்தைப் பார்க்கப் போகிறீர்களா? நாற்று எண்பத்து மூன்றையும் மாற்றி நட வேண்டிய வாரம் இது. நான் நடுகிறேன். வரப்பிலிருந்து ஆரம்பிப்பேனா கிணற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேனா என்று வந்து பார்த்துச் சொல்கிறேன். நடுவில் நிறுத்திவிட்டு வெள்ளச்சியின் குட்டிகளோடு உட்கார்ந்துகொண்டாலும் கொள்வேன்.

எழுதி வைக்காதீர்கள்.

சுண்டு